மூன்று முனை நட்சத்திரமும் சப்பிரகமுவத் தோட்டங்களும்

யந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவும், அவற்றை உடைமையாகக் கொண்டோரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. மோட்டார் வாகனத்தின் வரலாறும் இதற்கு விலக்கன்று. ஜேர்மனியின் மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் பற்றிய நூல்களில் பொறியியலாளரின் நுண்ணறிவும், பந்தயக் களங்களின் வெற்றியும், ஆட்சித் தலைவர்கள் ஏறிச்சென்ற வண்டிகளின் பொலிவும் விரிவாகப் பேசப்படுகின்றன. வண்டிச் சக்கரத்துக்காகப் பால்வெட்டிய கையும், போர்க்காலத்தில் யந்திரத்தை வார்த்த அடிமைக் கையும், மலைப்பாதையில் அதனை ஓட்டிச்சென்ற கையும் அந்நூல்களில் இடம்பெறுவது அரிது.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்டப்பகுதி இவ்வரலாற்றுடன் இருமுறை தொடர்புறுகின்றது. மோட்டார் வாகனம் உலகிற் பெருகியபோது அதற்கு வேண்டிய இறப்பர் இங்கிருந்து வெளியே சென்றமை முதலாவது தொடர்பு. அரை நூற்றாண்டின் பின்னர் அவ்வாகனம் பாரலொறியாக உருமாறி, இந்தியாவின் ஜம்ஷெட்பூர் வழியாக இலங்கைக்கு வந்து சேர்ந்தமை இரண்டாவது தொடர்பு. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து நோக்குமிடத்து, ஒரு நிறுவனத்தின் புகழ் எவ்வாறு உருவாகின்றது, அப்புகழின் கணக்கில் யார் சேர்க்கப்படுகின்றனர், யார் விடப்படுகின்றனர் என்னும் வினாக்கள் தெளிவுபெறும்.

தோற்றமும் பெயரும்

மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் தாம் அமைத்த மூன்று சக்கர வண்டிக்கு 1886 ஆம் ஆண்டு சனவரி 29 ஆந் திகதி காப்புரிமை கோரினார். 37435 என்னும் இலக்கம் பெற்ற அவ்வாவணமே மோட்டார் வாகனத்தின் பிறப்புச் சான்றாக இன்று கொள்ளப்படுகின்றது. அதே ஆண்டிற் கான்ஸ்டாட் என்னும் ஊரில் கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் குதிரை வண்டியொன்றில் யந்திரத்தைப் பொருத்தி ஓட்டினர். இரு முயற்சிகளும் ஒன்றையொன்று சாராது தனித்தனியே நிகழ்ந்தவை.

பென்ஸின் வண்டியை ஊரார் வேடிக்கைப் பொருளாகவே நோக்கினர். வாங்குவோர் மிகச் சிலரே. இந்நிலையை மாற்றியவர் அவருடைய மனைவி பேர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில் அவர் கணவருக்கு அறிவியாமலே இரு புதல்வரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள போர்ட்ஸ்ஹைம் நகர்வரை வண்டியைச் செலுத்தினார். வழியில் வீஸ்லொக் என்னும் ஊரின் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார்; அடைபட்ட எரிபொருட் குழாயைத் தொப்பி ஊசியாற் குத்தித் திறந்தார்; தேய்ந்த தடைக்கட்டைக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் வைத்துத் தைப்பித்தார். பட்டறையிற் பிறந்த வண்டிக்கு நம்பகம் என்னும் பெயரைப் பெற்றுக் கொடுத்தது இப்பயணமேயாகும்.

மேர்சிடிஸ் என்னும் பெயர் வேறொரு வழியாக வந்தது. டைம்லர் கம்பனியின் வண்டிகளை வாங்கி விற்றவர் எமில் ஜெலினெக். வியன்னாவிற் புகழ்பெற்ற யூத மதகுருவான அடோல்ப் ஜெலினெக்கின் மைந்தர் இவர். வேகமும் தாழ்ந்த உடலமைப்புங் கொண்ட புதுவகை வண்டியொன்றை வற்புறுத்திக் கேட்டு, அதற்குத் தம் சிறு மகளின் பெயரான மேர்சிடிஸ் என்பதைச் சூட்டவேண்டும் என்றார். மைபாக் அமைத்துக் கொடுத்த அவ்வண்டி 1901 இல் நீஸ் நகரப் போட்டிகளில் ஏனையவற்றை விஞ்சியது. மறு ஆண்டில் அப்பெயர் வணிகக் குறியாகப் பதிவாயிற்று. மூன்று முனை நட்சத்திரம் 1909 இற் பதிவு செய்யப்பட்டது. தரை, நீர், வான் ஆகிய மூவிடத்தும் இயங்கும் யந்திரங்களை அது குறிப்பதாகக் கொள்வர். முதலாம் உலகப் போரின் பின் ஏற்பட்ட பொருளாதாரச் சரிவில் தனித்து நிற்கவியலாத டைம்லர், பென்ஸ் ஆகிய இரு கம்பனிகளும் 1926 சூனில் ஒன்றிணைந்தன. டைம்லரின் நட்சத்திரத்தைப் பென்ஸின் வாகைமாலை சூழ்ந்தது.

சக்கரமும் இறப்பரும்

பென்ஸின் முதல் வண்டியின் கம்பிச் சக்கரங்களுக்குத் திண்ம இறப்பர்ப் பட்டி பூட்டப்பட்டிருந்தது. 1888 இல் டன்லொப் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றபின், மோட்டார் வாகனமும் இறப்பரும் பிரிக்கவொண்ணாதவை ஆயின. ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைப்பிக்கப்பட்டு, 1876 இல் அக்கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்ட அவை கால் நூற்றாண்டளவும் ஓர் அரும்பொருளாகவே இருந்தன. தேயிலையில் ஊன்றியிருந்த தோட்டத்துரைமார் அவற்றைப் பெரிதாகக் கருதவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மோட்டார் வாகனங்கள் பெருகி, 1910 அளவில் இறப்பரின் விலை முன்னொருபோதுமில்லாத உச்சத்தை எட்டியபோதே நிலைமை மாறியது. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் களுத்துறையிலும் காடுகள் வெட்டப்பட்டன. யட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, ருவான்வெல்லை, தெரணியகலைப் பகுதிகளின் தாழ்குன்றுகள் இறப்பர்த் தோட்டங்களாயின.

இத்தோட்டங்களின் உழைப்பாளராகத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியே தமிழர் அழைத்துவரப்பட்டனர். இறப்பர்த் தோட்டத் தொழில் தேயிலைத் தோட்டத் தொழிலினின்றும் வேறுபட்டது. பால்வெட்டுவோர் விடியுமுன்னரே மரத்தடியில் நிற்கவேண்டும். வெயில் ஏறினாற் பாலோட்டம் குறையும். மரத்தின் உயிர்ப்படலத்தைத் தீண்டாது பட்டையை மட்டும் மெல்லிய சீவலாகச் சாய்கோட்டில் அகற்றுவது நுண்மையான கைத்திறன். சிரட்டையில் வடிந்த பாலை வாளியிற் சேர்த்துத் தொழிற்சாலைக்குச் சுமந்து சென்று, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையிற் கொடுத்துத் தகடாக்கிப் புகையூட்டுவர். சப்பிரகமுவவோ பெருமழை பெய்யும் நாடு. மழை பெய்த காலையிற் பால்வெட்டு இல்லை. ஆகவே அன்றைய கூலியும் ஐயத்துக்குரியதே. வானையும் உலகச் சந்தையையும் ஒருங்கே நம்பி வாழ்ந்த வாழ்க்கை அது.

இன்ன தோட்டத்துப் பால் இன்ன வண்டியின் சக்கரமாயிற்று என எவருங் காட்டவியலாது. கொழும்பிலும் இலண்டனிலும் சந்தையிற் கலந்துவிட்ட தகட்டுக்கு ஊரும் பேரும் இல்லை. வெட்டியவரின் பெயர் தொழிலின் முதற்படியிலேயே மறைந்துபோகும் வகையில் அவ்வாணிபம் அமைந்திருந்தது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

போரின் இரு முகங்கள்

1933 இல் நாஸிகள் ஆட்சிக்கு வந்தபின் டைம்லர்-பென்ஸ் நிறுவனம் அவ்வரசின் முதன்மையான படைக்கலத் தொழிலகங்களில் ஒன்றாயிற்று. ஹிட்லர் ஊர்வலஞ் சென்ற பெருவண்டிகள் அதன் ஆக்கங்கள். போர் விமானங்களுக்கு யந்திரமும் படைகளுக்கு லொறியும் செய்து கொடுத்தது. யூதக் குடும்பத்துச் சிறுமியொருத்தியின் பெயரைத் தாங்கிய நிறுவனம், யூதரை அழித்தொழிக்க முனைந்த அரசுக்குக் கருவி செய்து கொடுத்தமை வரலாற்றின் கொடிய முரண்களுள் ஒன்று.

ஜேர்மானியத் தொழிலாளர் போர்முனைக்குச் சென்ற வெற்றிடத்தை, கைப்பற்றப்பட்ட நாடுகளிலிருந்து இழுத்துவரப்பட்ட குடிமக்களும், போர்க்கைதிகளும், வதைமுகாம்களின் கைதிகளும் நிரப்பினர். 1944 இல் நிறுவனத்தில் வேலைசெய்த 63,610 பேரில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் இத்தகையோராவர். பேர்லினுக்கு அண்மையிலுள்ள கென்ஸ்ஹாகன் விமான யந்திரத் தொழிற்சாலையில் மாத்திரம் வதைமுகாமிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்கள் 1000 பேருக்குமேல் வேலை வாங்கப்பட்டனர்.

அதே போர் சப்பிரகமுவத் தோட்டங்களையும் வேறொரு வகையில் தாக்கியது. 1942 இன் தொடக்கத்தில் மலாயா யப்பானியரிடம் வீழ்ந்ததும், நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் பெரும்பகுதி இலங்கையிலிருந்தே செல்லவேண்டியதாயிற்று. முதிர்ந்த மரங்களில் ஒரே வேளையிற் பல வெட்டுகளை இட்டு, மரம் சாகினுஞ் சாகட்டும் எனப் பாலை உறிஞ்சும் முறை கையாளப்பட்டது. இந்திய அரசு 1939 இல் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடைசெய்திருந்தமையால் புதிய கைகள் வரவில்லை. இருந்தவர்களே மேலதிக வேலையையுஞ் சுமந்தனர்.

வதைமுகாமின் கொடுமையையும் தோட்டத்து உழைப்பையும் ஒரே தராசில் வைப்பது பொருந்தாது. முன்னது உயிரையே பறிக்க அமைந்த அடிமைமுறை; பின்னது கடனாலும் கங்காணி முறையாலும் கட்டுண்ட கூலியுழைப்பு. எனினும், ஆக்கப்பட்ட பொருளிலிருந்து ஆக்கியவரின் பெயர் நீக்கப்பட்டது என்னும் ஓரம்சம் இரண்டுக்கும் பொதுவானது.

ஜம்ஷெட்பூர் வழியாக

போரின் பின் அழிவிலிருந்து எழுந்த நிறுவனம் தன் பழைய நம்பகத்தைப் பாரவாகனங்களின் வாயிலாகவே பெரிதும் மீட்டெடுத்தது. டீசல் யந்திரத்தை லொறியிற் பொருத்துவதில் அதற்கு நெடிய பட்டறிவு உண்டு. பென்ஸ் கம்பனி 1923 இலேயே டீசல் லொறியை உருவாக்கியிருந்தது. எரிபொருளை நேரே உருளைக்குள் விடாது, முதலில் ஒரு சிறு முன்னறையிற் பீச்சி எரியத் தொடங்கச் செய்யும் முறை அதன் சிறப்பு. இதனால் அதிர்வு குறைந்தது. யந்திரமும் நீண்டகாலம் உழைத்தது. 1949 இல் அறிமுகமான ஓ.எம். 312 என்னும் ஆறு உருளை யந்திரம் 4.6 லீற்றர் கொள்ளளவுடையது. தொடக்கத்தில் 90 குதிரைவலு கொண்டது. உலகின் பல பாகங்களிலும் பென்ஸ் லொறிக்கு நற்பெயர் தேடிக் கொடுத்த யந்திரங்களுள் இது முதன்மையானது.

1945 இல் ஜம்ஷெட்பூரில் நிறுவப்பட்ட டாட்டா பொறியியல், புகையிரத யந்திரக் கம்பனி 1954 இல் டைம்லர்-பென்ஸுடன் பதினைந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. அவ்வாண்டிலேயே நட்சத்திரக் குறி பொறித்த முதல் லொறி அங்கிருந்து வெளிவந்தது. தொடக்கத்தில் உதிரிப்பாகங்கள் ஜேர்மனியிலிருந்து வந்தன. ஆண்டுதோறும் அவற்றின் அளவு குறைந்து, இந்தியத் தொழிலாளரின் ஆக்கம் மிகுந்தது. ஒப்பந்தம் முடிவுற்ற 1969 இல் நட்சத்திரம் அகன்று டாட்டாவின் குறி அவ்விடத்தைப் பெற்றது. வண்டியோ பெரிதும் மாறவில்லை. புகழ் என்பது குறியில் தங்குவதா, செய்நேர்த்தியில் தங்குவதா என்னும் வினாவுக்கு இதனினுஞ் சிறந்த சோதனை இல்லை. குறி மாறியபின்னும் லொறி விற்றது, பாரம் ஏற்றியது, மலையேறியது.

டாட்டாவின் ஏற்றுமதி வரலாறு இலங்கையில் இருந்தே தொடங்குகின்றது. 1961 இல் அக்கம்பனி முதன்முதலாக வெளிநாட்டுக்கு அனுப்பிய லொறி இலங்கைக்கே வந்தது. ஜேர்மானியக் குறியும் இந்திய உழைப்புங் கொண்ட வண்டி, இந்திய வம்சாவளியினர் உழைக்கும் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. 1939 இல் தோன்றிய டீசல் அன்ட் மோட்டர் எஞ்சினியரிங் என்னும் இலங்கைக் கம்பனி மேர்சிடிஸ் பென்ஸுக்கும் டாட்டாவுக்கும் முகவராக விளங்கியமை, இவ்விரு பெயர்களும் இந்நாட்டில் இணைந்தே வழங்கத் துணைசெய்தது.

பாதையும் பாரமும்

சப்பிரகமுவவில் லொறி பெற்ற முதன்மையை விளங்கிக்கொள்ள, அதற்கு முந்திய போக்குவரத்தை நோக்குதல் வேண்டும். பொதிமாடும், இரட்டைமாட்டுக் கரத்தையும், களனி கங்கைப் படகும் பழைய சாதனங்கள். பின்னர் தோட்டத்துரைமாரின் தேவையை முன்னிட்டு அமைக்கப்பட்ட குறுகிய களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1902 இல் அவிசாவளையையும், 1903 இல் யட்டியாந்தோட்டையையும், 1912 இல் இரத்தினபுரியையும், 1919 இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. யட்டியாந்தோட்டைக் கிளை 1942 இல் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை சென்ற பாதை 1970களிற் கைவிடப்பட்டது. அதன்பின் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பகுதிகளின் தேயிலையும் இறப்பரும் கொழும்புக்குச் செல்லத் தெருவன்றி வேறு வழியில்லை.

தோட்டத்து லொறி சரக்கை மட்டும் ஏற்றிச் செல்லவில்லை. மலையிலிருந்து கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்ததும், கொழும்பிலிருந்து அரிசியையும் மாவையும் கொணர்ந்ததும், நள்ளிரவில் நோயாளியை அரசினர் வைத்தியசாலைக்குச் சுமந்ததும் அதுவே. துரையின் கார் தோட்டத்து அதிகாரத்தின் அடையாளம். லொறியோ லயத்து மக்களின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தது. அதனைச் செலுத்திய சாரதியும் துணை நின்ற உதவியாளும், கொண்டையூசி வளைவிலும் மழையில் வழுக்கும் செம்மண் பாதையிலும் யந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் குறையை உணர்ந்தவர்கள். பேர்த்தா பென்ஸ் தொப்பி ஊசியாற் செய்ததை இவர்கள் கம்பித்துண்டாலும் சைக்கிள் குழாயாலும் செய்தார்கள். உதிரிப்பாகம் கிடையாத இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், ஜேர்மானியச் செய்நேர்த்தி எனப் போற்றப்பட்டதன் ஒரு பங்கு இக்கைகளின் திறனாலேயே நிலைத்தது எனல் மிகையன்று.

இக்காலத்தில் பென்ஸ் என்னும் சொல்லுக்கு இரத்தினபுரியில் மற்றொரு பொருளும் இருந்தது. 1971 இல் அரச இரத்தினக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. இரத்தினக்கல் ஏற்றுமதி செய்வோர் தாம் ஈட்டிய அந்நியச் செலாவணியின் ஒரு பகுதியைத் தாமே பயன்படுத்தும் வசதியையும் 1970களின் முற்பகுதியிற் பெற்றனர். பொதுமக்களுக்கு இறக்குமதி மறுக்கப்பட்ட வேளையிற் செல்வருக்கு வாகனம் தருவிக்க வழி பிறந்தது. அதே மாவட்டத்தின் தோட்டங்களில், 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டாற் பட்டினி பரவியது. நாட்டின் தோட்டப் பகுதிகளில் இறப்பு விகிதம் கடுமையாக உயர்ந்தது. ஒரே நட்சத்திரம் முற்றத்துக் காரில் செல்வத்தின் சின்னமாகவும், பழைய லொறியின் முகப்பிற் பசிக்கு மாவு கொணரும் வண்டியின் சின்னமாகவும் விளங்கியது.

புகழின் கணக்கு

1986 இல் மோட்டார் வாகனத்தின் நூற்றாண்டு ஜேர்மனியிற் கொண்டாடப்பட்டது. அவ்விழாவை ஒட்டியே நாஸிக் காலத்து உண்மைகளை வெளியிடுமாறு நிறுவனம் நெருக்கப்பட்டது. வரலாற்றறிஞர் ஆவணங்களை ஆராய்ந்தனர். அடிமை உழைப்பு எண்ணிக்கையோடு வெளிவந்தது. 1988 இல் நிறுவனம் 2 கோடி மார்க் வழங்கியது. அத்தொகை பாதிக்கப்பட்டோரின் கைக்கு நேரே செல்லாது அமைப்புகளின் வழியே சென்றமை கண்டிக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் ஜேர்மன் அரசும் தொழிலகங்களும் இணைந்து 1000 கோடி மார்க் நிதியத்தை நிறுவிய பின்னரே உயிரோடிருந்தோர் பலர் தனித்தனியே இழப்பீடு பெற்றனர். போர் முடிந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் அப்போது கழிந்திருந்தன.

புகழ் ஒருமுறை ஈட்டி வைத்துவிடும் பொருளன்று. வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கையூட்டு வழங்கியமைக்காக 2010 இல் 18 கோடி 50 இலட்சம் டொலரை அமெரிக்காவிற் செலுத்த நிறுவனம் இணங்கியது. டீசல் வண்டிகளின் புகை வெளியேற்றம் தொடர்பான வழக்குகளில் 2020 இல் மீண்டும் பெருந்தொகை செலுத்த நேர்ந்தது. டீசலாற் பெற்ற பெயர் டீசலாலேயே மாசுற்றது. 2012 இல் தமிழ்நாட்டின் ஒரகடத்தில் அதன் லொறித் தொழிற்சாலை திறக்கப்பட்டு, அங்கு செய்யப்பட்ட வண்டிகள் 2013 முதல் ஃபூசோ என்னும் பெயரில் இலங்கைக்கும் அனுப்பப்பட்டன. 2021 இன் இறுதியில் லொறிப் பிரிவு தனிக் கம்பனியாகப் பிரிந்தது.

சப்பிரகமுவத் தோட்டங்களின் கணக்கு இத்தகைய தீர்வை எய்தவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இத்தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடந்த இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்கள் 1977 இலும் 1981 ஆகஸ்டிலும் 1983 இலும் வன்செயலுக்கு உள்ளாகின. பல குடும்பங்கள் லயங்களை விட்டு வெளியேறின. எஞ்சியிருந்த நாடற்றோரின் பிரசாவுரிமைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. தோட்டங்களோ 1975 இல் அரசுடைமையாகி, 1992 இல் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றன. உடைமையாளர் மாறிய ஒவ்வொரு தடவையும் நிலமும் மரமும் தொழிற்சாலையும் லொறியும் கணக்கிடப்பட்டன. வெட்டியவரும் கிள்ளியவரும் செலுத்தியவரும் அக்கணக்கில் நாட்கூலிச் செலவாக மட்டுமே இடம்பெற்றனர்.

ஜேர்மனியில் அக்கணக்கைத் திறக்கச் செய்தவை தொழிற்சாலைகளின் ஆளணிப் பதிவேடுகளும், உயிர்தப்பியோரின் வாக்குமூலங்களும், விடாது வினவிய ஆய்வாளரின் உழைப்புமே ஆகும். சப்பிரகமுவவிலும் செக்ரோல் ஏடுகளும் பிறப்பு இறப்புப் பதிவுகளும் லொறிகளின் ஓட்டப் பதிவுகளும் தோட்டக் காரியாலயங்களில் இருந்தன. கறையானுக்கும் தீக்கும் தப்பியவை இன்னும் ஆங்காங்கே உள்ளன. அவற்றைப் படித்துப் பொருள் சொல்லத்தக்க முதிய பால்வெட்டுத் தொழிலாளரும் சாரதிமாரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அம்மாகாணத்தின் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் தொகை முன்னையிலும் கூடியிருப்பதால், அப்பதிவேடுகளையும் அம்முதியோரின் சொற்களையும் தொகுக்கும் பணி அவர்களாலேயே இயலும். அப்பணி நிறைவேறும்வரை மூன்று முனை நட்சத்திரத்தின் வரலாறு பாதி எழுதப்பட்ட வரலாறாகவே இருக்கும்.